ஐந்தும் சரி

அந்தக் கோட்டைக் கதவில் காவல் இருந்த மூன்று பேருக்கும் ஊருக்குள் ஒரு விசித்திரமான நல்ல பெயர் இருந்தது. வெளியே போய்த் திரும்புகிறவனை நடந்த களைப்பு தீருமுன்னே நிற்க வைப்பார்கள், முறைப்பார்கள், கேள்வி மேல் கேள்வியாகக் குடைவார்கள். ஆனால் பதில் ஒன்றிரண்டு சறுக்கினாலும் பெரிய மனது பண்ணி உள்ளே விட்டுவிடுவார்கள். “மூஞ்சிதான் அப்படி, மனசு தங்கம்” என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். மூவரில் ஒருத்தியான கதவுக்காரி, இது காதில் விழும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள்.

அன்று காலையில்கூடக் கம்பளி வியாபாரி ஒருவன் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தான். போன அன்று தலையில் என்ன கட்டியிருந்தாய் என்று காவல் தலைவர் கேட்டார். “நீலம்... இல்ல, பழுப்பு. ஐயா, மூணு மாசம் ஆச்சு, யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்று அவன் வியர்த்து விறுவிறுத்தான். அவன் போன அன்று காவல் புத்தகத்தில் வெள்ளை என்று எழுதியிருந்தது. தலைவர் உறுமிவிட்டு, “சரி, போய்த் தொலை” என்றார். பிழைத்தேன் என்று அவன் ஓடினான். தப்பாகச் சொன்னதால்தான் பிழைத்தான் என்பது அவனுக்குத் தெரியாது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

கதை இதுதான். ஊருக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு. அதில் வருஷம் முழுக்க மூடுபனி. உப்பு வேண்டும், மருந்து வேண்டும், விளக்கெண்ணெய் வேண்டும் என்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். போனவர்களில் சிலர் திரும்புவதில்லை. அவர்களுக்குப் பதிலாக வேறொன்று திரும்பும். அதே முகம், அதே குரல், அதே நடை, புருவத்துத் தழும்புகூட அச்சு அசலாக அதே. ஊர் அதை நகல் என்றது. ஒரு நகல் உள்ளே நுழைந்துவிட்டால் பத்தே நாளில் அந்த வீட்டில் மனிதர் யாரும் மிஞ்ச மாட்டார்கள். சாயப்பட்டறைத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அப்படித்தான் போனது. இன்றைக்கும் அந்தத் தெருவின் இரண்டு முனைகளையும் சுவர் எழுப்பி அடைத்து வைத்திருக்கிறார்கள்.

நகலுக்கு இரண்டு விஷயங்கள் வராது. ஒன்று மறதி. மனிதன் தலைக்குள் இருந்ததை ஒன்றுவிடாமல் வழித்து எடுத்துக்கொண்டு வருவதால், அவன் கண்ணில் பட்டு மனதில் நிற்காமல் போனதும் நகலிடம் இருக்கும். இன்னொன்று பாசம். எல்லோரையும் தெரியும், யார் மேலும் ஒட்டுதல் கிடையாது. ரொட்டிக்காரரின் நகல் வந்தபோது, “போன அன்னிக்கு வழியனுப்ப யார் வந்தாங்க?” என்று தலைவர் கேட்டார். “யாரும் வரல. என் பொண்டாட்டி தச்சன் வீட்டுக்குப் போயிருந்தா. செவ்வாய்க்கிழமை எப்பவும் அங்கதான் போவா” என்று அது தெரு முனை வரை கேட்கும்படி சொன்னது. நிஜ ரொட்டிக்காரர் அதை ஆறு வருஷமாகத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்த மனுஷன். கழுத்தில் கத்தி வைத்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

அதனால்தான் அந்தப் புத்தகம். ஒருவர் வெளியே போகும்போது என்ன உடுத்தியிருந்தார், கையில் என்ன, வானம் எப்படி, யார் என்ன சொன்னார்கள் என்று சில்லறை விஷயங்களையெல்லாம் எழுதி வைப்பார்கள். கோபுரத்துக் காவலர் மேலிருந்து பார்த்ததைச் சொல்ல, கதவில் நிற்பவர் பக்கத்தில் பார்த்ததையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத் திரும்புகிறவரிடம் அதிலிருந்து ஐந்து கேள்விகள். ஒன்றாவது தப்பினால் அவர் மனிதர், கதவு திறக்கும். ஐந்தும் சரி என்றால் சுவர் ஓட்டையிலிருந்து அம்பு பாயும். ஊருக்கு மட்டும், “தப்பாச் சொல்லிச்சு, அதான்” என்று அறிவிப்பார்கள். உண்மை வெளியே தெரிந்தால் அடுத்து வருகிற நகல் தலையைச் சொறிந்துகொண்டு மறந்ததுபோல் நடிக்குமே. அந்தப் பயத்தில்தான் காவலர்கள் மூவரும் கோட்டையைத் தாண்டி ஓரடி வைக்கக் கூடாது என்று விதி. ரகசியம் தெரிந்த தலை பனிக்குள் போகக் கூடாது.

சிலர் போகும் முன் மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். செருப்பில் எந்தப் பக்கத்து வார் தைத்திருந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். ஐந்தையும் சரியாகச் சொல்கிற மனிதர் உலகத்தில் கிடையாது என்பது தலைவரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் அவர் தன் சொந்த மருமகன் ஐந்தும் சரியாகச் சொன்னபோதும் அம்பு விடச் சொல்லிக் கையைத் தூக்கினார். மகள் அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை.

கதவுக்காரிக்கு மட்டும் அப்படி ஒரு மனிதப் பிறவியைத் தெரியும். அவள் கூடப் பிறந்த தங்கை.

ஐந்து வயதிலேயே, “போன வருஷம் மழை பெஞ்ச ரெண்டாவது நாள், நீ ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, அடுத்த தடவை பெரிய துண்டு உனக்குத்தான்னு சொன்னியேம்மா” என்று அம்மாவை மடக்கியவள் அவள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். வளர்ந்து அதையே தொழிலாக்கிக்கொண்டாள். வழி அளப்பது. பனிக்குள் காகிதம் ஊறிப்போகும், மை கரைந்துவிடும். அடி அடியாக எண்ணி, எந்த இடத்தில் எந்தப் பாறை, எங்கே மண் வழுக்கும் என்று தலைக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு வந்து, சுமை கொண்டு போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். எப்போதும் இருபது நாள், இருபத்தைந்து நாளில் திரும்பிவிடுவாள். கேள்விக்கு வேலை இருக்காது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் பையில் துணி அடுக்கிக்கொண்டே, “இந்த வாட்டி மருந்துக்காரங்க ஊர் வரைக்கும் வழி அளக்கப் போறேன். அரை வருஷத்துக்கு மேல ஆகும்” என்றாள்.

“போகாதே” என்றாள் கதவுக்காரி.

“ஏன்?”

“போகாதேன்னா போகாதே.”

“காரணம் சொல்லு, போகல.”

காரணத்தைச் சொன்னால் தங்கையின் தலைக்குள் ரகசியம் போய்விடும். அப்புறம் அவளும் ஆயுசுக்கும் கோட்டையைத் தாண்ட முடியாது. சொல்லாவிட்டால் போவாள், திரும்பி வருவாள், கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொல்வாள். கதவுக்காரி கடைசியில் வராத கோபத்தையெல்லாம் வரவழைத்துக்கொண்டு கத்தினாள். திமிர் என்றாள், அக்கா பேச்சுக்கு மதிப்பில்லை என்றாள், போனால் போகிறவள் அப்படியே போய்விடட்டும் என்றாள். தங்கை துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. “சொல்லி முடிச்சிட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிகாலை கதவில் கதவுக்காரியின் முறை. தெருக்கோடியில் தங்கையின் நடை கேட்டதும் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது, அழுதால் உளறிவிடுவோம் என்று அதைவிடப் பயமாக இருந்தது. படியேறித் தண்ணீர்த் தொட்டி அறைக்குள் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். கீழே மூன்று தடவை, “அக்கா” என்று குரல் கேட்டது. பொத்திய காதிலும் கேட்டது. அப்புறம் உள்தாழ்ப்பாள் நகரும் சத்தம். தங்கை தானே கதவைத் திறந்துகொண்டு போனாள்.

கோட்டைக் கதவு ஆளில்லாமல் திறந்து கிடந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தபோது கதவு சாத்தி, தாழ் போட்டிருந்தது. உள்ளேயிருந்துதான் அந்தத் தாழைப் போட முடியும். யார் போட்டது? எட்டு மாதமாகியும் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன காவலருக்கு ஒரே தண்டனைதான் உண்டு. ரகசியம் தெரிந்தவர்களை வெளியே துரத்த முடியாது என்பதால் கோட்டைக்கு அடியில் கீழறை என்று ஒன்று கட்டியிருந்தார்கள். அதற்குள் போனவர் மீண்டும் மேலே வருவதில்லை. அவரோடு யாரும் பேசவும் கூடாது. கதவுக்காரி புத்தகத்தில், கோபுரத்திலிருந்து சொன்ன விவரங்களுக்குக் கீழே, தன் பங்கை எழுதினாள். தாழ்ப்பாள் எடுத்தது நான். பார்த்துப் போ என்று சொன்னேன்.

இப்படி ஒரு பொய்யை வயிற்றில் கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஓடிவிட்டது. கம்பளி வியாபாரி வந்து போன அன்று பிற்பகலில், கோபுரத்துக் காவலன் குழாய் வழியாகக் கீழே குரல் கொடுத்தான். அவன் பேர் ஊருக்கே மறந்து போய்க் கொட்டாவி என்பதே பேராகிவிட்டது. வில்லில் அவனை அடிக்க ஆள் இல்லை, ஆனால் குறி வைக்கும்போதுகூட ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத்தான் வைப்பான்.

“ஒரே ஆளு வருது. பொம்பளை. கையில நீளமா கோல்.” கொஞ்சம் நிறுத்தி, கொட்டாவி இல்லாத குரலில், “நம்ம வழி அளக்கிற பொண்ணு” என்றான்.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து புத்தகத்தை எடுத்தார். எழுபதை நெருங்குகிறவர், ஆனால் புத்தகத்தைத் தூக்க இன்றுவரை யாரையும் விட்டதில்லை.

“உன் தங்கச்சிதானே?”

“ஆமாங்கய்யா.”

“விதி தெரியும்ல?”

“தெரியும். நான் தாழ்ப்பாள்கிட்ட நிக்கணும். அவகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“பேசினா?”

“திருப்பி அனுப்பிடணும். பனிக்குள்ள.”

“இருமக்கூடக் கூடாது” என்றார் தலைவர். கோபுரத்திலிருந்து கொட்டாவி இறங்கி வந்து, சுவர் ஓட்டைக்குப் பின்னால் வில்லோடு நின்றான்.

வெளிக்கதவு திறந்து மூடியது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருந்த இடைமுற்றத்தில் தங்கை வந்து நின்றாள். கதவுக்காரிக்கு மரப்பலகைகளின் இடுக்கு வழியே ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தாள். இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கோலை ஊன்றி நின்ற விதம், தலையைக் கொஞ்சம் சாய்த்த விதம் எல்லாம் அவளேதான். நகலும் அப்படித்தான் நிற்கும் என்று கதவுக்காரியின் புத்திக்குத் தெரியும். மனது கேட்டால்தானே. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“அக்கா உள்ளதான் இருக்காளாய்யா?” என்றாள் தங்கை.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்” என்றார் தலைவர், பேசும் துவாரத்தின் பலகையைத் தள்ளிவிட்டு.

“சரிங்கய்யா. கேளுங்க.”

“போன அன்னிக்கு என்ன போட்டிருந்தே?”

“சாம்பல் கலர் மேல்சட்டை. மூணாவது பொத்தான் இருக்காது. ஊக்கு குத்தியிருந்தேன்.”

தலைவரின் விரல் வரியில் நின்றது. சாம்பல். கதவுக்காரி கண்ணை மூடினாள். ஆரம்பிச்சுட்டா, என்று மனதுக்குள் முனகினாள். கேட்டது சட்டையின் நிறம்தானே, ஊக்கு வரைக்கும் யார் கேட்டது?

“கையில என்ன இருந்துச்சு?”

“இந்தக் கோல். பை ரெண்டு. பெருசு வலது தோள்ல, சின்னது இடுப்புல. பெருசோட வார் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தேன், ரெட்டை முடிச்சு.”

சரி. தலைவர் மூச்சை நீளமாக இழுத்துக்கொண்டார். அவர் இரண்டாவது கேள்வியிலேயே இப்படி மூச்சு இழுத்துக் கதவுக்காரி பார்த்ததில்லை. மனிதர்கள் பெரும்பாலும் இரண்டாவதுக்குள் சறுக்கிவிடுவார்கள். மறந்து தொலையேண்டி, என்று கதவுக்காரியின் மனது கெஞ்சியது. ஒரே ஒரு தடவை எல்லாரையும் மாதிரி மறந்து தொலை.

“வானம் எப்படி இருந்துச்சு?”

“தூறல். வெளிக்கதவைத் தாண்டி முப்பத்தோரு அடி போனதும் நின்னுடுச்சு.”

சரி. அடி எண்ணிக்கை புத்தகத்திலேயே இல்லை. தலைவர் கொட்டாவியைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். கொட்டாவி அம்பை நாணில் வைத்தான். அந்த ஓட்டைக்கும் தங்கையின் நெஞ்சுக்கும் பத்து அடி தூரம்தான். கொட்டாவி நூறு அடியிலேயே தவற விட்டதில்லை.

“வெளிய வாசல்கிட்ட என்ன நின்னுச்சு?”

“ஒரு வண்டி. சக்கரம் கழட்டிப் போட்டிருந்தாங்க. அதுக்கு மேல ஒரு நாய் படுத்திருந்துச்சு. ஒரு காது மடிஞ்சிருக்கும்.” தங்கை லேசாகச் சிரித்தாள். “எல்லாம் சரிதானேய்யா?”

எது சரி எது தப்பு என்று சொல்வது வழக்கமில்லை. தலைவரின் முகம் கல்லாகிவிட்டிருந்தது. மருமகன் அந்த முற்றத்தில் நின்ற நாளிலும் முகத்தை இப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார். கொட்டாவி நாணைக் காது வரை இழுத்தான். வில்லின் மரம் முறுகும் மெல்லிய சத்தம் காவலறைக்குள் கேட்டது. தங்கைக்குக் கேட்டிருக்காது. அவள் வெளிச்சத்தில் நின்றாள், ஓட்டை இருட்டில் இருந்தது.

“கடைசிக் கேள்வி. உள்தாழ்ப்பாளை எடுத்தது யாரு?”

கதவுக்காரி தான் எழுதிய வரியை நினைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் புரிந்தது, இது வரம் என்று. புத்தகத்தில் இருப்பது பொய். நடந்ததை நடந்தபடி தங்கை சொன்னால் போதும், பதில் புத்தகத்தோடு ஒட்டாது, ஐந்தில் ஒன்று தப்பாகிவிடும், வில் இறங்கிவிடும். அதன்பிறகு தலைவர் துருவுவார், கதவில் யார் இல்லை, ஏன் இல்லை என்று. கீழறைதான். போகட்டும். சொல்லுடி, என்று அவள் பல்லைக் கடித்தாள். யாரும் இல்ல, நானேதான் எடுத்தேன்னு சொல்லு. பொய் சொல்லத் தெரியாதவளாச்சே நீ.

தங்கை கோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

அதுவரை கேள்வி முடியுமுன்னே பதில் சொன்னவள் முதல் தடவையாக யோசித்தாள். உள்கதவைப் பார்த்தாள், இடுக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தவள்போல நேராகப் பார்த்தாள்.

“அக்காதான் எடுத்தா” என்றாள். “பார்த்துப் போன்னு சொன்னா.”

புத்தகத்தில் எழுதியிருந்தது அதே வார்த்தை. ஒரு எழுத்துப் பிசகவில்லை. கூடப் பிறந்தவள் பொய் எழுதினால் எப்படி எழுதுவாள் என்பதைக்கூட அவள் அறிந்து வைத்திருந்தாள்.

தலைவர் புத்தகத்தை மூடினார். துவாரத்தின் பலகையைச் சாத்தினார். வலது கையைத் தூக்கினார். அது இறங்கினால் அம்பு போகும்.

“அஞ்சாவது தப்புங்கய்யா” என்றாள் கதவுக்காரி.

கை அந்தரத்தில் நின்றது. “என்ன?”

“அஞ்சாவது தப்பு. தாழ்ப்பாளை நான் எடுக்கல. நான் அங்க இல்லவே இல்ல. தொட்டி ரூம்ல போய் ஒளிஞ்சுக்கிட்டேன். அவளே திறந்துக்கிட்டுப் போனா.”

“புத்தகத்துல உன் கையெழுத்து இருக்கு.”

“பொய்யா எழுதினேன்.”

தலைவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஒருவித அலுப்புதான் இருந்தது. “என் பொண்ணும் இப்படித்தான் என் காலைப் பிடிச்சிக்கிட்டு ஆயிரம் சொன்னா” என்றார் தணிந்த குரலில். “கூடப் பிறந்தவளைக் காப்பாத்த எவளும் எதுவும் சொல்லுவா. தாழ்ப்பாளை விட்டுட்டுத் தள்ளி நில்லு.”

“ஐயா, பொய் சொல்லி நான் கீழறைக்குப் போறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?”

“பாசம் அதைவிடப் பெரிய பைத்தியம். தள்ளி நில்லுன்னேன்.”

அவள் நகரவில்லை. கத்தினால் தங்கைக்குக் கேட்டுவிடும், கேட்டால் சோதனை செல்லாது, பனிக்குள் திருப்பி அனுப்புவார்கள். கத்தாமலும் என்ன செய்வது என்று தெரியவில்லை. நேராகப் போய் வில்லுக்கு முன்னால் ஓட்டையை மறைத்துக்கொண்டு நின்றாள். அம்பின் முனை அவள் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

“கொட்டாவி” என்றார் தலைவர். “அவளை இழுத்துத் தள்ளிட்டு விடு.”

கொட்டாவி நாணை மெதுவாகத் தளர்த்தினான். அம்பை எடுத்துக் கீழே வைத்தான்.

“அவ சொல்றது நிஜம்ங்கய்யா” என்றான். “அன்னிக்குக் கோபுரத்துலேர்ந்து பார்த்தேன். பொண்ணு வெளிய போயி ரொம்ப நேரமாகியும் கதவு திறந்தே கிடந்துச்சு. இறங்கி வந்தா ஒரு ஆள் இல்ல. நான்தான் சாத்தித் தாழ் போட்டேன். அப்புறம் மேல போயிட்டேன்.”

கதவுக்காரி அவனையே பார்த்தாள். எட்டு மாதம் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன், ஒரு ஜாடை காட்டியதில்லை.

“ஏன் என்கிட்ட சொல்லல?” தலைவரின் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது, இறக்க மறந்துவிட்டாற்போல.

“சொன்னா இவ கீழ போவா. அப்புறம் ரெண்டாள் காவலை நான் ஒருத்தன் பார்க்கணும். எனக்குத் தூக்கம் கெட்டா ஒத்துக்காதுங்கய்யா.” சொல்லிவிட்டுக் கொட்டாவி தலை குனிந்துகொண்டான். “அது விளையாட்டுக்கு. அழுத சத்தம் கேட்டுச்சு, தொட்டி ரூம்லேர்ந்து. எப்படிச் சொல்றது?”

முற்றத்தில் தங்கை கோலைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. காத்திருக்கும்போது அப்படித் தட்டுவது அவள் பழக்கம்.

“நகலா இருந்தா போட்டு உடைச்சிருக்கும்” என்றான் கொட்டாவி. “யாரும் இல்ல, கதவு தொறந்து கிடந்துச்சுன்னு. அதுக்கென்ன, இவ எக்கேடு கெட்டா. நாலு கேள்விக்கு ஊக்கு வரைக்கும் சொன்னவ, அஞ்சாவதுக்கு மட்டும் ஏன் யோசிச்சா?”

தலைவர் கையை இறக்கினார். வெறுமனே, பக்கவாட்டில். பிறகு அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐந்தையும் சரியாகச் சொல்கிற மனிதர் கிடையாது என்று முப்பது வருஷம் நம்பியிருந்தவர். அப்படி ஒருத்தி வெளியே கோல் தட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றால், மருமகனும் ஒருவேளை என்ற கணக்கு அவருக்குள் ஓடியிருக்கும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே பேசினார்.

“நாலு சரி. ஒண்ணு தப்பு. கதவைத் திற.”

கதவுக்காரி தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“திறந்துட்டுச் சாவியை என்கிட்ட குடுத்துடு” என்றார் அவர். “கொட்டாவி, கீழறையைக் கூட்டி வை. உன்னை அப்புறம் பார்த்துக்கறேன்.”

கதவு திறந்ததும் தங்கை கோலைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். எட்டு மாதத்துப் புகையும் ஈரமும் அவள் சட்டையில் மணத்தன. எலும்பு எலும்பாக இருந்தாள். கதவுக்காரி அவள் முதுகைத் தடவித் தடவி, சூடு இருக்கிறது, மூச்சு வருகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாள். அதைத் தவிர அவளுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

“கோவம் போயிடுச்சா?” என்றாள் தங்கை அவள் தோளுக்குள்.

“எப்பவோ போயிடுச்சு.”

தலைவர் எழுந்து வந்து கதவுக்காரியின் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன குற்றத்துக்காக, அதை மறைத்துப் புத்தகத்தில் பொய் எழுதிய குற்றத்துக்காக, மிச்சக் காலம் முழுக்கக் கீழறை என்று, எழுதி வைத்ததைப் படிப்பவர்போல ஒரே மூச்சில் சொன்னார். தங்கைக்கு முதலில் புரியவில்லை. அக்காவின் இடுப்பில் சாவிக்கொத்து இல்லாததைப் பார்த்தபின் புரிந்தது.

“யார் சொன்னது? நான் சொல்லலையே.”

“நான்தான் சொன்னேன்” என்றாள் கதவுக்காரி.

“நீயா? எதுக்கு?” தங்கை விலகி நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நான்தான் எல்லாம் சரியாச் சொன்னேனே. வழி பூரா இந்தக் கேள்வி வந்துடக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். வந்தா என்ன சொல்றது, நீ என்ன எழுதியிருப்பேன்னு நூறு தடவை யோசிச்சேன். தப்பா இருந்தா என்னை உள்ள விட மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் உன்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். நீ எழுதினதைத்தானே சொன்னேன்? ஒரு வார்த்தை மாறுச்சா?”

“மாறல.”

“அஞ்சும் சரிதானே?”

“அஞ்சும் சரிதான்.”

“அப்புறம் எதுக்குக்கா வாயைத் திறந்தே?”

தலைவர் கதவுக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் தங்கைக்குப் புரிந்துவிடும். புரிந்தால் அவளுடையதும் ரகசியம் தெரிந்த தலையாகிவிடும், அப்புறம் அவளுக்கும் கதவில் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். நாளைக்கு அவளும் ஓட்டை வழியாக யாரையாவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வேலையை எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்பது இன்றைக்குத்தான் கதவுக்காரிக்கு முழுசாகத் தெரிந்தது.

“வாய் சும்மா இருக்கல” என்றாள். “மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சொல்லிட்டேன்.”

“உறுத்துச்சாம்.” தங்கைக்குக் கோபத்தில் உதடு துடித்தது, கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. “ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நாம ரெண்டு பேரும் இப்ப வீட்டுக்குப் போய்க்கிட்டிருப்போம். எல்லாத்தையும் கெடுத்துட்டே. உன்னை மாதிரி முட்டாளை நான் பார்த்ததே இல்ல.”

“இல்லதான்.”

“சிரிக்காதே.”

“சிரிக்கல.” ஆனால் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். திட்டுகிற குரலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் போலிருந்தது. கீழே போனால் எந்தக் குரலும் கிடையாது.

கொட்டாவி கீழறையின் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டின் ஓரத்தில் நின்றான். கதவுக்காரி அந்தப் பக்கம் நகர்ந்தாள். தங்கை அவள் கையைப் பிடித்து இழுத்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள்.

“இந்தக் கதவை இனி நான் தாண்ட மாட்டேன்” என்றாள் ஆத்திரத்தோடு. “வழியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ இல்லாத கதவு வழியா நான் எதுக்குப் போகணும், எதுக்குத் திரும்பி வரணும்? வேற யாராவது போய் அளந்துக்கட்டும். செத்தாலும் போக மாட்டேன்.”

கதவுக்காரி படியில் நின்றுவிட்டாள். வெளியே போகாதவளை யாரும் ஐந்து கேள்வி கேட்க மாட்டார்கள்.

“நிஜமாவா சொல்றே?”

“நிஜமாத்தான்.”

“கோவத்துல சொல்லிட்டு அடுத்த வருஷம் கிளம்பிட மாட்டியே?”

“நான் சொன்னதை என்னைக்காவது மறந்திருக்கேனா?”

“இல்ல” என்றாள் அக்கா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, இந்தத் தடவை மறைக்கவில்லை. தங்கையின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, கொட்டாவி நீட்டிய விளக்கை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.